பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை: எந்தப் புழுவுக்கு எது, எப்போது, எத்தனை தடவை? சிங்கப்பூர்ப் பெற்றோருக்கான முழு வழிகாட்டி

டிசம்பர் விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பியதும் நம் வீடுகளில் ஒரு பேச்சு கட்டாயம் வரும்: "பிள்ளைக்குப் பூச்சி மாத்திரை கொடுத்துவிடலாமா?" பெட்டிக்குள் ஊர் மருந்துக்கடையில் வாங்கிய ஓர் அட்டை மாத்திரை இருக்கும். ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு ஆறு மாதத்துக்குக் கவலை விட்டது என்று இருந்துவிடுவோம். சில வாரம் கழித்துப் பிள்ளை இரவில் மறுபடியும் பின்புறத்தைச் சொறிய ஆரம்பித்தால், மாத்திரை சரியில்லை என்போம், இல்லையென்றால் மிட்டாய்மேல் பழி போடுவோம்.

மாத்திரை பெரும்பாலும் நல்ல மாத்திரைதான். கொடுத்த முறைதான் அந்தப் புழுவுக்குப் பொருந்தவில்லை. தமிழ்நாட்டில் பள்ளியில் ஒரே ஒரு மாத்திரை கொடுக்கிறார்களே, அது மண் வழியாகப் பரவும் புழுக்களுக்காக வகுத்த முறை. சிங்கப்பூரில் பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் பெரும்பாலும் காண்பது கீரிப்பூச்சி. அதற்கு மண் தேவையில்லை. படுக்கை விரிப்பும் விரல் நகமும் போதும். அதை ஒழிக்க இரண்டு தவணை மருந்து வேண்டும், வீட்டில் உள்ள எல்லாரும் சாப்பிட வேண்டும், இரண்டு வாரம் காலை நேரச் சுத்தம் வேண்டும். இதில் எதை விட்டாலும் பூச்சி திரும்பி வரும்.

முதல் படி: எந்தப் புழு என்று யோசியுங்கள்

கீரிப்பூச்சியை நூற்புழு என்றும் ஊசிப்புழு என்றும் சொல்வார்கள். வெள்ளை நூல் துண்டு போல இருக்கும். பெண் புழு 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளம். பெருங்குடலின் தொடக்கத்தில் குடியிருந்து, பிள்ளை தூங்கியபின் ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அரிப்பு இரவில் வருவது அதனால்தான். முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் அந்த முட்டைகள் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். பிள்ளை சொறியும், நகத்தில் முட்டை ஏறும், காலையில் அதே விரல் வாய்க்குப் போகும். உள்ளே போன முட்டை பொரித்து, வளர்ந்து, மறுபடி முட்டையிட ஏறக்குறைய ஒரு மாதம். பாலர் பள்ளியில் பக்கத்துப் பக்கத்து மெத்தையில் தூங்கும் பிள்ளைகளுக்கும், ஒரே பொம்மையைக் கைமாற்றி விளையாடும் பிள்ளைகளுக்கும், ஒரே கட்டிலில் படுக்கும் அண்ணன் தங்கைக்கும் இது சுலபமாகப் பரவும். வீடு அழுக்காக இருந்தால்தான் வரும் என்பதில்லை. வெட்கப்படவும் எதுவுமில்லை.

மண்ணில் பரவும் புழுக்கள் வேறு வகை. உருளைப்புழு, அதாவது பாட்டிமார்கள் நாக்குப்பூச்சி என்று சொல்வது, 15 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும். பெண் புழு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். ஆனால் அந்த முட்டை மலத்தோடு வெளியேறி, மண்ணில் இரண்டு மூன்று வாரமாவது கிடந்தால்தான் தொற்றும். சாட்டைப்புழுவும் அப்படித்தான். கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைந்து, குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் வெறுங்காலோடு பால் வெட்டிய நம் முன்னோர்களைச் சோகை பிடித்து வாட்டியதில் இந்தப் புழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. மலம் மண்ணில் கலக்காத இடத்தில் இந்த மூன்றும் பிழைக்க வழியில்லை. சிங்கப்பூரில் வாளிக் கழிப்பறைகள் 1987இல் அடியோடு ஒழிந்தன. வீவக வீட்டில் பிறந்து, அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு இங்கேயே கொக்கிப்புழு பிடிப்பது அபூர்வம். ஊருக்குப் போய் வந்த பிள்ளை என்றால் கதை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: அறிகுறியையும் நம்பிக்கையையும் பிரித்துப் பாருங்கள்

கீரிப்பூச்சிக்கு முக்கிய அறிகுறி இரவு அரிப்பு. அதனால் தூக்கம் கெடும், பகலில் எரிச்சல் வரும், வகுப்பில் கவனம் சிதறும். பெண் குழந்தைகளுக்குப் புழு முன்பக்கம் நகர்ந்து போய்ப் பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைபடுதலும் வரலாம். பல பிள்ளைகளுக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

முகத்தில் வெளிறிய திட்டு வந்தால் "வயித்துல பூச்சி இருக்கு" என்று நம் வீடுகளில் உடனே சொல்லிவிடுவார்கள். இந்த நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. கன்னத்தில் லேசான செதிலோடு வரும் அந்தத் திட்டு பெரும்பாலும் வறண்ட தோலில் வரும் ஒரு சாதாரணத் தோல் மாற்றம்தான். நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரிகிறது, வெயிலில் இன்னும் தூக்கலாகத் தெரிகிறது. அதற்கும் குடல்புழுவுக்கும் சம்பந்தமில்லை. ஈரப்பசைக் களிம்பு தடவி, வெயிலிலிருந்து காத்தால் மெல்ல மங்கும். உணர்ச்சியே இல்லாத திட்டு என்றாலோ, பரவிக்கொண்டே போனாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல்லை நறநறவென்று கடிப்பதை வைத்தும் புழுவை முடிவு செய்ய முடியாது. இனிப்பு தின்றால் புழு பெருகும் என்பதும் உண்மையில்லை. இனிப்பைக் குறைப்பது பல்லுக்கு நல்லது, அந்தக் காரணத்துக்காகக் குறையுங்கள்.

மூன்றாம் படி: கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்

பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, கைபேசி விளக்கை வைத்துக்கொண்டு பிட்டத்தை மெதுவாக விலக்கி ஆசனவாயைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளை நூல் நெளிந்தால் அதுதான். மலத்தின்மேலும் சில நேரம் தெரியும். நெளிகிறதா என்று பாருங்கள். கீரை நரம்பையும் டிஷ்யூத் தாளின் நூலையும் புழு என்று நினைத்துப் பயந்தவர்கள் நிறைய.

ஒன்றும் தெரியவில்லை, அரிப்பு மட்டும் இருக்கிறது என்றால் ஒட்டுநாடாச் சோதனை. காலையில் பிள்ளை எழுந்த உடனே, கழிப்பறைக்குப் போவதற்கும் குளிப்பதற்கும் முன்பாக, தெளிவான செல்லோடேப்பில் விரல் நீளம் வெட்டி, ஒட்டும் பக்கத்தை ஆசனவாய் ஓரத் தோலில் சில நொடி அழுத்தி எடுங்கள். மருந்தகத்தில் கொடுத்த கண்ணாடித் தகட்டிலோ சுத்தமான பிளாஸ்டிக் பையிலோ ஒட்டிக் கொண்டுபோனால் நுண்ணோக்கியில் முட்டை தெரியும். மங்கலான வெள்ளை நாடா உதவாது. ஒரே ஒரு காலைச் சோதனையில் ஏறக்குறைய பாதி தொற்றுதான் பிடிபடும், தொடர்ந்து மூன்று காலை எடுத்தால் 90 விழுக்காடு வரை பிடிபடும். எடுத்தபின் கையை நன்றாகக் கழுவுங்கள். கீரிப்பூச்சி மலத்தில் முட்டையிடுவது குறைவு என்பதால் மலப் பரிசோதனை இதற்குப் பெரிதாக உதவாது. உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழுவுக்குத்தான் மலப் பரிசோதனை.

புழுவைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள் என்றால் சோதனை எதுவும் தேவையில்லை. நேராக மருந்துக்குப் போகலாம்.

நான்காம் படி: மருந்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று பெயர்களைத் தெரிந்துவைத்தால் போதும்: ஆல்பெண்டசோல், மெபெண்டசோல், பைரண்டெல்.

முதல் இரண்டும் ஒரே குடும்பம். புழுவின் செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்கள் உருவாகாமல் தடுத்து, அது சர்க்கரையை உறிஞ்சும் வழியை அடைத்துவிடும். புழு பட்டினியில் சாகும். சாக ஓரிரு நாள் ஆகும் என்பதால் மாத்திரை கொடுத்த அன்று இரவும் அரிப்பு இருந்தால் பதற வேண்டாம். பைரண்டெல் வேறு மாதிரி வேலை செய்கிறது. புழுவின் தசையை இறுக்கி முடக்கிவிடும், பிடி தளர்ந்து மலத்தோடு போய்விடும். செத்த புழுவைக் கண்ணால் பார்த்தால்தான் மருந்து வேலை செய்தது என்று சிலர் காத்திருப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

கீரிப்பூச்சிக்கு வழக்கமான அளவு இது:

ஆல்பெண்டசோல்: இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம் ஒரே தடவை, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை.

மெபெண்டசோல்: 100 மில்லிகிராம் ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து மறுபடி.

பைரண்டெல்: எடையைப் பொறுத்து, கிலோவுக்கு 10 முதல் 11 மில்லிகிராம், எவ்வளவு எடை இருந்தாலும் 1 கிராமுக்கு மேல் போகக்கூடாது. 20 கிலோ பிள்ளைக்கு 200 முதல் 220 மில்லிகிராம். இதையும் இரண்டு வாரம் கழித்து மறுபடி.

பெட்டியில் உள்ள குறிப்பும் மருந்தாளர் அல்லது மருத்துவர் சொல்வதும் இதற்கு மாறாக இருந்தால் அவர்கள் சொல்வதையே பின்பற்றுங்கள். உங்கள் பிள்ளையின் எடையும் உடல்நிலையும் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஊரில் வாங்கும் ஆல்பெண்டசோல் பெரும்பாலும் ஒரு மாத்திரையே 400 மில்லிகிராம். இங்கே கடையில் 200 மில்லிகிராம் மாத்திரையும் உண்டு. "ஒரு மாத்திரை" என்ற கணக்கில் கொடுக்காமல் மில்லிகிராமைப் படித்துக் கொடுங்கள். அப்புறம், ஊர்க் கடைகளில் பெயருக்குப் பின்னால் "பிளஸ்" என்று போட்டு வரும் சில மாத்திரைகளில் ஆல்பெண்டசோலோடு ஐவர்மெக்டினும் கலந்திருக்கும். ஐவர்மெக்டின் 15 கிலோவுக்குக் குறைவான பிள்ளைக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. சாதாரணக் கீரிப்பூச்சிக்கு அது தேவையும் இல்லை. அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

எல்லாப் புழுவுக்கும் ஒரே மருந்து ஒரே மாதிரி வேலை செய்யாது. ஒரு தவணை ஆல்பெண்டசோல் உருளைப்புழுவை 95 விழுக்காட்டினருக்குக் குணமாக்கிவிடும். கொக்கிப்புழுவுக்கு 80 விழுக்காடு அளவில் நிற்கும். சாட்டைப்புழுவுக்கு 30 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். ஒரு தவணை மெபெண்டசோல் கொக்கிப்புழுவிடம் இன்னும் பலவீனம். ஆகவே மலப் பரிசோதனையில் சாட்டைப்புழு என்று வந்தால், வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று இருக்காதீர்கள். அதற்கு மூன்று நாள் மருந்து, அல்லது இரண்டு மருந்து சேர்த்து என்று மருத்துவர் முடிவு செய்வார். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டெல் போன்ற வேறு மருந்து வேண்டும்.

ஐந்தாம் படி: யாருக்குக் கொடுக்கும் முன் கேட்க வேண்டும்

இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் திட்டங்களில் ஒரு வயதுக் குழந்தைக்கும் பாதி அளவு, அதாவது 200 மில்லிகிராம், கொடுப்பது உண்மைதான். அது புழு பரவலாக உள்ள இடங்களுக்கான கணக்கு. இங்கே அந்த வயதுக் குழந்தையை மருத்துவர் பார்த்து முடிவெடுக்கட்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், ஆல்பெண்டசோலும் மெபெண்டசோலும் கூடாது. கர்ப்பம் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலே முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பாலூட்டும் தாயும் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம்.

வலிப்பு வந்த பிள்ளையாக இருந்தால் இதை மிகவும் கவனியுங்கள். பன்றி நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் மூளையில் தங்குவது இந்தியாவில் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம். அப்படிக் கட்டி இருப்பது தெரியாமல் ஆல்பெண்டசோல் கொடுத்தால், கட்டியைச் சுற்றி வீக்கம் வந்து வலிப்பு தூண்டப்படலாம். வலிப்பு மருந்துகளான பெனிட்டோயினும் கார்பமசிபைனும் ஆல்பெண்டசோலின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். கல்லீரல் பிரச்சினை உள்ள பிள்ளைக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. காய்ச்சலோடு சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு இன்றே கொடுத்தாக வேண்டிய அவசரம் இல்லை, தேறட்டும்.

ஆறாம் படி: மாத்திரையைக் கொடுக்கும் விதம்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் ஆபத்து இருப்பதே இங்கேதான். பழைய நாளில் விளக்கெண்ணெய் கொடுத்தது போலப் பிள்ளையை மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, அழ அழ வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அழுதுகொண்டே மூச்சை இழுக்கும் பிள்ளையின் மூச்சுக்குழாயில் மாத்திரை போய்விடும். புழு நீக்கத் திட்டங்களில் சிறு குழந்தைகள் இப்படி மாத்திரை அடைத்து இறந்ததும் உண்டு. புழுவால் வரும் தொல்லையைவிட அது எத்தனையோ மடங்கு பெரிது.

பிள்ளை நேராக உட்காரட்டும். மென்று சாப்பிடும் மாத்திரை என்றால், கடித்து மென்று விழுங்கிய பிறகு தண்ணீர் கொடுங்கள். சிறு பிள்ளைக்கு இரண்டு கரண்டிகளுக்கு இடையில் வைத்து நன்றாகப் பொடித்து, ஒரு கரண்டி பிசைந்த வாழைப்பழத்திலோ தயிரிலோ கலந்து ஊட்டுங்கள். அளவு கொஞ்சமாக இருக்கட்டும், முழுக் கிண்ணத்தில் கலந்தால் பாதியில் வேண்டாம் என்று எழுந்து போய்விடும். அடம் பிடித்தால் விட்டுவிட்டு மாலையில் முயலுங்கள், அல்லது திரவ மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். அதைக் குலுக்கி, அளவுக் குப்பியில் அளந்து கொடுங்கள்.

வெறும் வயிறு, பத்தியம், முந்தின நாள் பேதி எதுவும் தேவையில்லை. விளக்கெண்ணெய் கொடுத்துக் கழியவைப்பது பிள்ளையின் உடம்பு நீரைத்தான் இறக்கும். வேப்பங்கொழுந்து உருண்டையைப் பாட்டி ஆசையாகக் கொடுத்தால் அதை மருந்துக்குப் பதிலாக எண்ணிவிடாதீர்கள். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், அது நச்சாகி உயிருக்கே ஆபத்தானது மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது.

மருந்துக்குப் பின் லேசான வயிற்றுவலி, குமட்டல், தலைவலி, ஓரிரு தடவை இளகிய மலம் வரலாம். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே அவசரப் பிரிவு.

ஏழாம் படி: வீடு முழுக்க, ஒரே நாளில்

கீரிப்பூச்சி ஒரு பிள்ளையிடம் தெரிந்தால், அரிப்பு உள்ளவர் இல்லாதவர் என்று பார்க்காமல் வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். தாத்தா, பாட்டி, பணிப்பெண், வாரக் கடைசியில் வந்து தங்கும் சித்தப்பா, எல்லாரும். கர்ப்பிணி, கைக்குழந்தை போன்றவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொல்படி.

பெரியவர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடு. "நான் என்ன சின்னப் பிள்ளையா, எனக்கு எதுக்கு?" என்று மாமா கேட்டால், "மாமா, ராத்திரி பேரன் உங்க பக்கத்துலதானே தூங்குறான், உங்ககிட்ட இருந்தா மறுபடி அவனுக்குத்தானே வரும்" என்று சொல்லிப் பாருங்கள். பேரனுக்காக என்றால் எடுத்துக்கொள்வார்கள். பணிப்பெண்ணிடம் பேசும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். பூச்சி அவரிடமிருந்து வந்தது என்ற தொனி எங்கும் வரக்கூடாது. கீரிப்பூச்சியைப் பாலர் பள்ளியிலிருந்து பிள்ளை கொண்டுவந்து அவருக்குக் கொடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம். அவருக்கும் வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுப்பது போலவே விளக்கம் சொல்லிக் கொடுங்கள், கர்ப்பம் பற்றிய கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்.

சரி, ஏன் இரண்டாம் தவணை? மருந்து வளர்ந்த புழுவைக் கொல்லும். முட்டையை நம்பகமாகக் கொல்லாது. முதல் தவணை அன்று விரலிலும் விரிப்பிலும் இருந்த முட்டை அடுத்த நாள்களில் உள்ளே போய்ப் பொரிக்கும். இரண்டு வாரம் கழித்துக் கொடுக்கும் தவணை, அந்தப் புதிய புழுக்கள் முட்டையிடும் வயதுக்கு வருமுன் பிடித்துவிடும். முதல் தவணையிலேயே அரிப்பு நின்றுவிடுவதால் இதை மறப்பவர்கள்தான் அதிகம். முதல் மாத்திரை கொடுத்த கையோடு கைபேசியில் பதினான்காம் நாளுக்கு நினைவூட்டல் வைத்துவிடுங்கள். இரண்டாம் தவணைக்கும் சேர்த்து, வீட்டில் உள்ள எல்லாருக்கும் முதலிலேயே வாங்கி வைப்பது நல்லது.

எட்டாம் படி: இரண்டு வாரம், காலை நேரம்

இரவில் இட்ட முட்டைகள் காலையில்தான் தோலிலும் உள்ளாடையிலும் படுக்கையிலும் குவிந்திருக்கும். ஆகவே காலைதான் முக்கியம். எழுந்ததும் பிள்ளை நேராகக் குளியலறைக்குப் போகட்டும். ஓடும் தண்ணீரில் பின்புறத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, புது உள்ளாடை மாற்றட்டும். பள்ளிப் பேருந்து ஆறரைக்கு வந்துவிடுமே, தினமும் எப்படிக் காலைக் குளியல் என்று கேட்பீர்கள். இந்த இரண்டு வாரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் எழுப்புங்கள். இரவு குளித்துவிட்டுக் காலையில் முகம் மட்டும் கழுவினால் முட்டை அப்படியே பள்ளிக்குப் போகும்.

இரவில் இறுக்கமான உள்ளாடையும் பைஜாமாவும் போடுங்கள், நேரடியாகச் சொறியாமல் இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நகம் கடிக்கும் பிள்ளையைத் திட்டினால் இன்னும் கடிக்கும், கையில் வேறு எதையாவது கொடுத்துத் திசைதிருப்புங்கள். கழிப்பறைக்குப் போனபின்னும் சாப்பாட்டுக்கு முன்னும் சோப்பும் தண்ணீரும். நாம் எல்லாரும் பையில் வைத்திருக்கும் கைத்தூய்மி இந்த முட்டையைக் கொல்லாது, தேய்த்துக் கழுவினால்தான் போகும். துண்டு ஆளுக்கொன்று.

முதல் தவணை கொடுத்த மறுநாள் காலை எல்லாருடைய படுக்கை விரிப்பு, தலையணை உறை, இரவு உடை, கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை எல்லாம் துவைக்கப் போக வேண்டும். எடுக்கும்போது உதறாதீர்கள். விரிப்பைச் சன்னலோரம் கொண்டுபோய் உதறுவது நம் வழக்கம், இந்த முட்டை காற்றில் மிதந்து முகத்தில் வந்து விழும் அளவுக்கு லேசானது. உள்பக்கமாகச் சுருட்டி நேராக இயந்திரத்தில் போடுங்கள். சுடுநீரில், 60 டிகிரி வசதி இருந்தால் அதில், துவையுங்கள். பல வீடுகளில் குளிர்ந்த நீர் இயந்திரம்தான். அப்படியானால் பிள்ளைகள் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டு, வாளியில் சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்து, பிறகு இயந்திரத்தில் போட்டு, மூங்கில் கழியில் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெயில் முட்டைக்கு எதிரி. குளிர்ச்சியும் ஈரமும் உள்ள இடத்தில் முட்டை இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும். திரைச்சீலையை விலக்கிப் படுக்கையறைக்குள் வெளிச்சம் வரட்டும்.

தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் முட்டை கிளம்பும். ஈரத்துணியால் துடையுங்கள் அல்லது தூசி உறிஞ்சியைப் பயன்படுத்துங்கள். கழிப்பறை இருக்கை, கதவுக் கைப்பிடி, கைக்கணினி, தொலைக்காட்சி ரிமோட் எல்லாவற்றையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். சுவரைக் கழுவுவது, மெத்தையைத் தூக்கி எறிவது எல்லாம் வேண்டாம்.

மருந்து ஆரம்பித்துவிட்டால் பிள்ளை பள்ளிக்குப் போகலாம். பாலர் பள்ளி ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். தூங்கும் விரிப்புகளைத் துவைக்கவும் மற்ற பெற்றோருக்குப் பெயர் சொல்லாமல் தகவல் தரவும் அது உதவும். பிள்ளையின் காதுபட இதைப் பற்றிச் சிரித்துப் பேசாதீர்கள். பூச்சிப் பையன் என்று அண்ணன் ஒருமுறை கூப்பிட்டால் அது வகுப்பறை வரை போய்விடும்.

மீண்டும் மீண்டும் வந்தால்

இரண்டு தவணையும் கொடுத்து, எல்லாரும் சாப்பிட்டு, சில வாரத்தில் திரும்பவும் வருகிறது என்றால் மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். யாராவது ஒருவர் விடுபட்டிருப்பார், அல்லது மாணவர் பராமரிப்பு நிலையத்தில் நெருங்கிய நண்பனிடம் இருக்கும். இன்னொரு சுற்று கொடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ ஒட்டுநாடாச் சோதனை செய்து பாருங்கள், அரிப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம்.

ஊருக்குப் போய் வந்த பிள்ளைக்கு

இந்தியாவில் தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015இல் தொடங்கியது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என இரண்டு சுற்றுகளில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஆல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஓர் இடத்தில் 20 விழுக்காடு பிள்ளைகளிடம் மண் வழிப் புழு இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவையும் 50 விழுக்காட்டைத் தாண்டினால் இரண்டு தடவையும் எல்லாருக்கும் கொடுக்கலாம். ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்துப் பார்க்க ஆகும் செலவைவிட எல்லாருக்கும் மாத்திரை கொடுப்பது மலிவு, மருந்தும் பாதுகாப்பானது.

இப்படி மொத்தமாகக் கொடுப்பதால் எவ்வளவு பயன் என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய வாதமே நடந்திருக்கிறது. கென்யாவில் நடந்த ஓர் ஆய்வு பள்ளிக்கு வராமல் இருப்பது வெகுவாகக் குறைந்ததாகக் காட்டியது. உத்தரப் பிரதேசத்தில் ஏறக்குறைய 10 லட்சம் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில் எடையிலும் இறப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. புழு உள்ள பிள்ளைக்கு மருந்து பலன் தரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. புழு இல்லாத நூறு பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுத்தால் சராசரி உயருமா என்பதுதான் வாதம். பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாது, ஊரில் உள்ள பெரியவர்களுக்கும் கொடுத்தால் பரவலையே நிறுத்த முடியுமா என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஜவ்வாது மலைப் பகுதியில் ஆராய்ந்தது. கொக்கிப்புழு பெரியவர்களிடமும் நிறைய இருப்பதால் அந்தக் கேள்வி நியாயமானது.

சிங்கப்பூர் அந்த 20 விழுக்காட்டுக் கணக்குக்குள் வராத ஊர். அறிகுறி இல்லாத பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வழக்கமாகக் கொடுப்பது இங்கே தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து. கொடுத்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் இன்று விழுங்கும் மாத்திரை நாளை உள்ளே போகும் முட்டையைத் தடுக்காது. அது தடுப்பூசி மாதிரி காக்கும் மருந்து இல்லை. ஊரில் பள்ளியில் மாத்திரை சாப்பிட்டுவிட்டு இங்கே வந்து சேரும் பிள்ளைக்கும் இதே கதைதான்.

கிராமத்தில் வயலிலும் தோப்பிலும் வெறுங்காலோடு ஓடி, அங்கேயே சில வாரம் இருந்து வந்த பிள்ளை என்றால் விமானம் இறங்கிய மறுநாளே மாத்திரை கொடுப்பதில் பயன் குறைவு. உருளைப்புழு உள்ளே போய், நுரையீரல் வழியாகச் சுற்றி, குடலில் வளர்ந்து முட்டையிட இரண்டு மூன்று மாதம் ஆகும். கொக்கிப்புழுவுக்கும் பல வாரம் வேண்டும். பயணத்தில் இருக்கும் இளம்புழுவை ஒரு தவணை மாத்திரை சரியாகப் பிடிக்காது. மலத்திலும் முட்டை தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து மலப் பரிசோதனை செய்து, இருந்தால் அதற்குரிய மருந்தைக் கொடுப்பது சரி. இடையில் சோர்வு, வெளிறிய கண்ணிமை, வயிற்றுவலி, நீடித்த இருமல் வந்தால் காத்திருக்க வேண்டாம். கொக்கிப்புழு என்று தெரிந்தால் இரத்தத்தில் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை புழுவை நிறுத்தும், இழந்த இரும்புச்சத்தைத் திருப்பித் தராது. அதற்கு மருத்துவர் தரும் இரும்புச்சத்து மருந்தைச் சில மாதம் விடாமல் கொடுக்க வேண்டும், கூடவே முருங்கைக்கீரை, ஈரல், பயறு, ஒரு நெல்லிக்காய் அல்லது ஆரஞ்சு. சாப்பாட்டோடு தேநீர் மட்டும் வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும்.

ஊருக்குப் போகும்போது செருப்பு போடச் சொல்லுங்கள், பச்சைக் காய்கறியை நன்றாகக் கழுவுங்கள், கொதித்த தண்ணீரைக் குடிக்கட்டும்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டும்

வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் இருந்தால், வாயிலோ மூக்கிலோ நீளமான புழு வந்தால், மருந்துக்குப் பின் வலிப்பு வந்தால், இரவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பிள்ளைகளுக்கான அவசரப் பிரிவு இரவு பகல் திறந்திருக்கும். மலத்தில் இரத்தம், எடை குறைவு, விடாத பேதி, பெண் பிள்ளைக்குச் சிறுநீர் எரிச்சல் இருந்தால் அடுத்த நாளே மருத்துவரைப் பாருங்கள். கடற்கரை மணலில் விளையாடிய பிள்ளையின் காலில் சிவப்புக் கோடு வளைந்து வளைந்து நகர்ந்துகொண்டே போனால், அது நாய், பூனைக் கொக்கிப்புழுவின் இளம்புழு. கடை மாத்திரையைக் கொடுத்துக் காத்திருக்காமல் கோட்டைப் படம் எடுத்துக்கொண்டு, மருத்துவரிடம் போங்கள். புழுவைப் பார்த்தவர்கள் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது மூடியுள்ள சின்னப் புட்டியில் போட்டு எடுத்துப் போங்கள். கூடவே இதுவரை கொடுத்த மாத்திரையின் அட்டையும் கொடுத்த தேதியும் கையில் இருக்கட்டும்.